அடுக்குவது ஒரு வேலை, வாசிப்பது இன்னொரு வேலை

தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் 4,300 மின்நூல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு லப்டொப்பைத் திறந்து, கலிபர் என்ற மின்நூல் அடுக்கும் மென்பொருளில் அட்டைப்படம் போடுகிறார், ஆசிரியர் பெயரைத் திருத்துகிறார், வகை பிரிக்கிறார். மூடும்போது பதினொன்றரை. இந்த வருடம் முழுதாக வாசித்து முடித்தது மூன்று புத்தகம். “வாசிக்கத்தானே சேர்க்கத் தொடங்கினேன், இரண்டுக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது? எல்லாவற்றையும் அழித்துவிட்டால் நிம்மதியாக இருக்குமா?” என்பது அவருடைய கேள்வி. வாசித்ததை எப்படிக் குறித்து வைப்பது என்றும் கடைசியில் ஒரு சின்னக் கேள்வி சேர்த்திருக்கிறார்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆறுதலாக விளக்குகிறேன். எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். நேரத்தை இரண்டு பங்காகப் பிரிக்கவும் வேண்டாம். நாளில் ஒரு நேரத்தை வாசிப்புக்கென்று வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் சேகரிப்பு உங்கள் கண்ணில் படாதபடி செய்யுங்கள். அடுக்கும் வேலைக்கு மாதத்தில் ஒரு நாள் காணும். அந்த நாளிலும் எல்லாப் புத்தகத்தையும் தொடத் தேவையில்லை.

நான் கொழும்பில் ஒரு நூலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். அதில் பெரும்பகுதி பட்டியலாக்கப் பிரிவில். அங்கே இருந்தவர்களுக்கு உங்கள் இரவுகள் நன்றாக விளங்கும். ஒரு நாளில் இருபது, முப்பது புத்தகம் கைக்கு வரும். தலைப்புப் பக்கத்தைப் பார்ப்போம், பொருளடக்கத்தைப் பார்ப்போம், முன்னுரையில் இரண்டு பந்தி வாசிப்போம், எந்தத் துறைத் தட்டுக்குப் போவது என்று காட்டும் வகுப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். வீட்டுக்குப் போகும்போது முப்பது புத்தகத்தோடு பழகிய நிறைவு மனதில் இருக்கும். பிறகு யாராவது அதில் ஒன்றின் பெயரைச் சொன்னால் “ஓம், தெரியும்” என்று வாயில் வந்துவிடும். உண்மையில் அதில் ஒரு அத்தியாயம்கூட வாசித்திருக்க மாட்டோம். ஆனால் எங்களுக்கு அது சம்பளத்துக்குச் செய்த வேலை. மாலை 4.15க்கு முடிந்துவிடும். பிறகு வாசிக்கிறவர் வாசிப்பார். வீட்டில் லப்டொப்பின் முன்னால் இருக்கும்போது 4.15 என்று ஒன்று வருவதில்லை, அதுதான் வித்தியாசம்.

அந்த வேலை ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு புத்தகத்துக்கு அட்டைப்படம் போட நாற்பது விநாடி. போட்டவுடன் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று வண்ணமாகிவிடும். ஒரு வேலை முடிந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். இருநூறு பக்க நாவல் அப்படியான கூலி எதையும் தராது. முதல் முப்பது பக்கம் ஆட்களின் பெயரே மனதில் நிற்காது. பகல் முழுக்க அலுவலகத்தில் இருந்துவிட்டு, ரயிலில் நெரிபட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு முடிய ஒன்பது மணி. அந்தக் களைப்பில் கை லேசான வேலையைத்தான் தேடும். இதை ஒழுக்கக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். வாசிப்பை நாளின் மிகக் களைத்த நேரத்தில் கொண்டுபோய் வைத்ததுதான் பிழை. அதே மேசையில், அதே திரையில், அதே நேரத்தில் அடுக்கலையும் வாசிப்பையும் வைத்தால் ஒவ்வொரு முறையும் அடுக்கல்தான் வெல்லும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் எங்கள் ஆட்களின் சேகரிப்பைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை. 1981 மே 31 இரவிலும் ஜூன் 1 விடியலிலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. இரண்டு வருடம் கழித்து, 1983 ஜூலையில், இந்தக் கொழும்பிலேயே வீடுகள் எரிந்தபோது அந்த வீடுகளின் அலுமாரிகளும் சேர்ந்து எரிந்தன. அவற்றுக்குக் கணக்கு யாரும் எடுக்கவில்லை. பிறகு இடம்பெயர்வுகள், ஒரு பையோடு புறப்பட்ட பயணங்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களிடமும் அந்தப் பதற்றம் இருக்கிறது. ஒரு தமிழ்ப் புத்தகத்தின் பிடிஎஃப் வட்ஸ்அப்பில் வந்தால், ‘இப்போது எடுக்காவிட்டால் பிறகு கிடைக்காது’ என்று உடனே தரவிறக்குகிறோம். 2022இல் சேர்க்கத் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன வருடம் அது. புத்தக விலை கைக்கு எட்டாமல் போனது. மார்ச் கடைசியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்கூட மின்சாரம் இல்லை. அந்த நேரத்தில் சேர்த்து வைத்தவரை நான் குறை சொல்லவே மாட்டேன். அதனால்தான் அழிக்க வேண்டாம் என்றேன். அந்தச் சேகரிப்பு ஒரு பயத்துக்கு நீங்கள் கொடுத்த பதில்.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தெஹிவளையிலிருந்து கோட்டைக்கு ரயிலில் இருபது, இருபத்தைந்து நிமிடம். போக ஒரு பதினைந்து பக்கம், வர ஒரு பதினைந்து பக்கம். வருடத்தில் 240 வேலை நாள் என்று வைத்தால் 7,200 பக்கம். இருநூறு பக்கப் புத்தகம் என்றால் 36. அந்த வேகத்தில் உங்கள் 4,300ஐயும் வாசித்து முடிக்க ஏறத்தாழ 120 வருடம் வேண்டும். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்தச் சேகரிப்பு நீங்கள் ‘முடிக்க வேண்டிய’ ஒன்று இல்லை என்பது இதில் தெரிகிறது. இப்போதைய மூன்றுக்கும் 36க்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் தெரிகிறது.

நூலகத்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்கும் பெயர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டியெழுப்பியவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பட்டியல், வகுப்பெண், தட்டு வரிசை எல்லாமே அந்த நாலாவது விதிக்காகத்தான் இருக்கின்றன. ஒருவர் வந்து கேட்டால் புத்தகம் கெதியாக அவர் கைக்குப் போக வேண்டும். உங்கள் நூலகத்தில் நூலகரும் நீங்கள்தான், வாசகரும் நீங்கள்தான். இரவில் அந்த நூலகர் இரண்டரை மணிநேரம் வேலை செய்கிறார். அந்த நேரம் முழுவதும் வாசகரின் கணக்கிலிருந்துதான் போகிறது. பட்டியலாக்கத்தில் இவ்வளவு காலம் இருந்தவளாகச் சொல்கிறேன், அது தலைகீழான நூலகம்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம்.

முதல் வேலை, இரண்டையும் வெவ்வேறு கருவிகளுக்குப் பிரிப்பது. சேகரிப்பு லப்டொப்பில் இருக்கட்டும். வாசிக்கும் கருவியில் ஐந்து புத்தகத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஐந்தும் ஒரே மாதிரி இருக்கவும் வேண்டாம். ஒரு நாவல், ஒரு கட்டுரைத் தொகுப்பு, கவிதை ஒன்று, எப்போதோ வாசித்துப் பிடித்துப்போன பழைய புத்தகம் ஒன்று, கடினமானது ஒன்று என்று இருந்தால் எந்த மனநிலையிலும் ஏதாவது ஒன்று கைகொடுக்கும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது ஏற வேண்டும். நாற்பது பக்கத்திலும் பிடிக்காவிட்டால் இறக்கிவிடுங்கள், அதில் குற்றவுணர்வு தேவையில்லை. கருவியில் நானூறு புத்தகம் இருந்தால் ரயில் வெள்ளவத்தையைத் தாண்டும்வரை எதைத் திறப்பது என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். பம்பலப்பிட்டியில் ஒன்றைத் திறப்பீர்கள். கொள்ளுப்பிட்டியில் ஒரு செய்தி வரும். அவ்வளவுதான், கோட்டை வந்துவிடும்.

ரயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம். காலையில் கோட்டைக்குப் போகும்போது கடல் இடப்பக்கம். கதவருகில் நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்தால் மற்றக் கைக்கு தாளைப்போலத் தெரியும் ஆறு அங்குல மின்மைத் திரைக் (ஈ-இங்க்) கருவிதான் சரி. எடை குறைவு, கட்டைவிரலால் பக்கம் திரும்பும், கடலில் பட்டுவரும் வெயிலில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும். போன் திரை அந்த வெளிச்சத்தில் கண்ணாடிபோல உங்கள் முகத்தையே காட்டும். போனில்தான் வாசிக்க முடியும் என்றால் தெஹிவளையில் ஏறும்போதே விமானப் பயண முறையில் போட்டுவிடுங்கள்.

ஆனால் கருவி வாங்கும் முன் உங்களிடம் இருப்பது எந்த வகைக் கோப்பு என்று பாருங்கள். இதில் பலர் பணத்தை விட்டிருக்கிறார்கள். இபப் கோப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கலாம், வரி தானாக மடங்கும், ஆறு அங்குலம் தாராளமாகக் காணும். எங்கள் பழைய புத்தகங்களும் சஞ்சிகைகளும் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்கள். அதாவது ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். ஆறு அங்குலத் திரையில் அந்தப் படம் சுருங்கி எழுத்து எறும்பாகிவிடும். கோரீடர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் ஓரத்து வெள்ளையை வெட்டியும், பக்கத்தைத் துண்டுகளாக மடித்தும் ஓரளவு வாசிக்கலாம். இருந்தாலும் உங்கள் சேகரிப்பில் முக்கால்வாசி ஸ்கேன் என்றால் எட்டு, பத்து அங்குல டப்லெட்தான் என் சிபாரிசு. அதை வீட்டில் வைத்து வாசியுங்கள். ரயிலுக்கு இபப் இருக்கட்டும்.

அடுத்தது அடுக்கும் வேலை. எங்களுக்கு ஒவ்வொரு மாதமும் போயா விடுமுறை இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு மணிநேரம், மணி வைத்து. மற்ற நாட்களில் புதிதாக வரும் கோப்பு எதுவானாலும் ‘வந்தவை’ என்ற ஒரே கோப்புறைக்குள் போகட்டும். அதைத் திறக்க வேண்டாம். போயா நாளில் அதைத் திறந்து பார்க்கும்போது மூன்றில் ஒன்று ஏன் எடுத்தோம் என்று உங்களுக்கே ஞாபகம் இராது. அவற்றை மட்டும் தயங்காமல் அழிக்கலாம்.

அந்த இரண்டு மணிநேரத்தில் எதைச் செய்வது? மூன்று விபரம் போதும்: புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், ஆண்டு. அட்டைப்படம் தேட வேண்டாம். வகைக் குறிச்சொல் வேண்டவே வேண்டாம். ‘நாவல்’, ‘ஈழத்து நாவல்’, ‘மலையக நாவல்’, ‘1970கள்’ என்று ஒரு புத்தகத்துக்கு நாலு சொல் ஒட்டினால், அடுத்த மாதம் எந்தச் சொல்லைப் போட்டோம் என்பதே மறந்துவிடும். தொழில்முறையில் இதற்குத் தனிப் பட்டியல்களையும் விதிகளையும் வைத்துச் செய்தும் எங்களுக்கே தடுமாற்றம் வரும். தேடலே பெரும்பாலான வேலையைச் செய்யும். 2022இல் வந்த கலிபர் 6 முதல் புத்தகங்களின் உள்ளேயும் தேட முடிகிறது. அதை ஒருமுறை இயக்கிவிட்டால் மென்பொருள் தானே ஒவ்வொரு கோப்பாகப் படித்துச் சொல்லடைவு தயாரிக்கும். ஒரு ஊர்ப் பெயரையோ ஆளின் பெயரையோ கொடுத்தால் எந்தப் புத்தகத்தில் வருகிறது என்று காட்டும்.

ஸ்கேன் பிடிஎஃபில் அது நடக்காது, உள்ளே எழுத்தே இல்லை, படம்தான் இருக்கிறது. இலங்கையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோப்புகளிலும் நடக்காது. திரையில் வடிவான தமிழாகத் தெரியும். ஒரு வரியைப் பிரதியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளமாக வரும். கணினி அந்தக் கூளத்தைத்தான் ‘வாசிக்கிறது’. உங்கள் தேடல் ஏன் சில புத்தகங்களைக் காட்டவில்லை என்று குழம்பியிருந்தால் காரணம் இதுதான். இதற்காக எல்லாவற்றையும் யூனிக்கோடுக்கு மாற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கிவிடாதீர்கள், அது உங்களை விழுங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட பக்கம் எழுத்தாகத் தேவைப்பட்டால், அந்தப் பக்கத்தை மட்டும் கூகுள் ட்ரைவில் ஏற்றி கூகுள் டொக்ஸாகத் திறந்து பாருங்கள். தமிழைப் பெரும்பாலும் சரியாகவே எடுத்துத் தரும்.

ஆசிரியர் பெயர்ச் சிக்கலை மட்டும் ஒருமுறை வடிவாகத் தீர்த்துவிடலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன், பேராசிரியர் சிவத்தம்பி ஐந்து இடத்தில் இருக்கிறார்: கா. சிவத்தம்பி, கார்த்திகேசு சிவத்தம்பி, புள்ளி இல்லாமல் ஒன்று, ‘பேராசிரியர்’ சேர்த்து ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து திருத்தத் தேவையில்லை. ஆசிரியர்களை நிர்வகிக்கும் பகுதியில் ஒரு பெயரை மற்றப் பெயர் போலவே மாற்றினால் எல்லாப் புத்தகமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். இன்னொன்று, கலிபர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்து முன்னால் போடும். அதனால்தான் ஆறுமுக நாவலர் ‘நாவலர், ஆறுமுக’ என்று ‘நா’ வரிசையில் நிற்கிறார். விருப்பத்தேர்வுகளில் ‘ட்வீக்ஸ்’ என்ற பகுதியில் ஆசிரியர் வரிசைப் பெயருக்கான வரி ஒன்று உண்டு. அதில் ‘இன்வேர்ட்’ (invert) என்று இருப்பதைக் ‘கொப்பி’ (copy) என்று மாற்றிவிட்டு, வரிசைப் பெயர்களை மீளக் கணிக்கச் சொன்னால் எழுதியபடியே வரிசையாகும். ஒரு போயாவில் அரை மணிநேர வேலை. பிறகு அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

கலிபரைப் பற்றிச் சொல்லும்போது எனக்குப் பிடித்த ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. 2006இல் கோவித் கோயல் அதை எழுதத் தொடங்கியது, தான் வாங்கிய சோனி வாசிப்புக் கருவி தன் லினக்ஸ் கணினியோடு வேலை செய்யாததால். கருவிக்குள் புத்தகத்தை ஏற்றி வாசிக்க வேண்டும், அதுதான் அவருக்குத் தேவைப்பட்டது. நீங்களும் அந்த மென்பொருளை அந்த ஒரு காரியத்துக்கு முதலில் பயன்படுத்திப் பாருங்கள்.

இனி, வாசிப்பு நேரத்தைக் கொடுத்தாவது செய்ய வேண்டிய அடுக்கல் வேலை ஒன்று இருக்கிறது. இவ்வளவு நேரமும் அடுக்குவதைக் குறைக்கச் சொன்னவள் இதில் மட்டும் கூட்டச் சொல்கிறேன்.

கிட்டடியில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா ஒரு பழைய பிஸ்கட் தகரத்தை எடுத்துவந்து வைத்தார். உள்ளே பதினான்கு கல்வெட்டுகள். இறந்தவருக்கு முப்பத்தொராம் நாளில் அச்சடித்துக் கொடுப்போமே, அந்த நினைவு மலர்கள். கடற்காற்றில் கம்பிகள் துருப்பிடித்து, துருவின் நிறம் இரண்டு பக்கம் தாண்டி ஊறியிருந்தது. கம்பியை இழுத்தால் கடதாசியும் சேர்ந்து வரும். அதனால் முனை மழுங்கிய கத்தியை அடியில் விட்டு மெல்ல மெல்லக் கிளப்பினேன். ஒரு ஆசிரியையின் கல்வெட்டில் தேவாரத்துக்கும் வம்சாவளிக்கும் பிறகு மூன்று பக்கம், அவருடைய மாணவி ஒருவர் எழுதியது. மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குள் வெள்ளம் வந்தால் எந்த வாங்கை எந்த வாங்கின் மேல் ஏற்றிப் பிள்ளைகளை இருத்துவார் என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பள்ளிக்கூடம் அந்த இடத்தில் இப்போது இல்லை. பதினான்கையும் படமெடுக்க மூன்று மணிநேரம் போனது. அன்று நான் ஒரு பக்கமும் வாசிக்கவில்லை, அதற்காகக் கவலைப்படவும் இல்லை.

கல்வெட்டு, பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், ஊர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை, நாலு இதழோடு நின்றுபோன சிறுசஞ்சிகை. இவை சில நூறு பிரதிதான் அடித்திருப்பார்கள், கடையில் விற்றிருக்க மாட்டார்கள். இப்படி ஏதாவது உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ இருந்தால் அதுதான் உங்கள் சேகரிப்பின் உயிரான பகுதி. நீங்கள் இரவெல்லாம் அட்டைப்படம் தேடும் புத்தகங்கள் இன்னும் ஆயிரம் பேரின் கணினியில் இருக்கின்றன. 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கருமை வெண்மையில் எடுக்காமல் நிறத்தில் எடுங்கள், பென்சில் குறிப்பும் முத்திரையும் அப்போதுதான் தெரியும். எங்கே, யாரிடமிருந்து கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு உங்கள் கணினியோடு வைத்துக்கொள்ளாமல் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். அவர்கள் இப்படியான ஆவணங்களைத்தான் சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண் கொடுத்து எல்லோரும் பார்க்க வைக்கிறார்கள்.

அந்த எண் இன்னொரு வகையிலும் உதவும். அங்கே இருக்கும் ஒரு புத்தகத்தை நீங்களும் தரவிறக்கி, பெயர் மாற்றி, அடுக்கி வைக்க வேண்டிய கட்டாயமில்லை. எண்ணை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டால் தேவைப்படும் நாளில் போய் எடுக்கலாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தந்து 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் நூல்களுக்கும் இதே கதைதான். ஒரே இடத்தை நம்பலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எது இல்லாமல் இருக்கவே முடியாதோ அதற்கு மட்டும் உங்கள் பிரதி இருக்கட்டும். லப்டொப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரிலோ இணையக் களஞ்சியத்திலோ ஒன்று என்று மூன்று வையுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கைப் போயா நாளில் செருகி, திறக்கிறதா என்று பாருங்கள். அலுமாரியில் நாலு வருடம் கிடந்த டிஸ்க்கை நம்ப முடியாது.

காசு கொடுத்து வாங்கிய மின்நூல்களும் கையில் நிற்கும் என்று நிச்சயமில்லை. 2009இல் அமேசான் ஜோர்ஜ் ஓர்வெல்லின் புத்தகங்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்ததும், வாங்கியவர்களின் கின்டில்களிலிருந்தே நீக்கிவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தது. மைக்ரோசொஃப்ட் 2019இல் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்களும் திறக்காமல் போயின. 2025 பெப்ரவரி 26 முதல் கின்டில் புத்தகத்தைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் அமேசான் எடுத்துவிட்டது. ஆகவே பூட்டு இல்லாத இபப்பாக விற்கும் இடம் இருந்தால் அங்கே வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல வேண்டும். உங்கள் 4,300இல் வாழும் எழுத்தாளர்களின் புத்தகங்களும் இருக்கின்றன, வட்ஸ்அப் குழுவில் வந்தவை. இலங்கைச் சட்டத்தில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும். சட்டத்தை விடுங்கள், மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ ஒருவர் சொந்தக் காசைப் போட்டுச் சில நூறு பிரதி அச்சடிக்கிறார். அதன் பிடிஎஃப் வெளியீட்டு விழா முடிந்த கிழமையே சுற்றினால் அடுத்த புத்தகத்துக்கு அவர் எங்கே போவார்? அவற்றை நீக்குங்கள். வெள்ளவத்தையிலோ செட்டியார் தெருவிலோ பூபாலசிங்கம் புத்தகக் கடைக்குப் போனால் பல கிடைக்கும். செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியிலும் பார்க்கலாம். வாங்க முடியாவிட்டால் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, பொது நூலகம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஒரு புத்தகத்தை வாசித்து முடிக்கும் உந்துதல், சும்மா வந்த நூறுக்கு இருப்பதில்லை என்பதையும் கண்டிருக்கிறேன்.

இரவு ஒன்பது மணிக்கு என்ன செய்வது என்பீர்கள். முதல் இரண்டு கிழமை லப்டொப்பை வேறு அறையில் வையுங்கள். வாசிக்க மனம் வராவிட்டால் வாசிக்க வேண்டாம், வீட்டாரோடு கதையுங்கள், தூங்குங்கள். வாசிப்பு ரயிலில் நடந்துவிட்டது, அந்த நாளின் கணக்கு முடிந்தது. கதை நன்றாக ஓடும் நாளில் இரவிலும் அதைத் தொடரத் தோன்றும். அப்படித் தோன்றும்போது மட்டும் வாசியுங்கள்.

கடைசியாக அந்தச் சின்னக் கேள்வி, வாசித்ததை எப்படிக் குறிப்பது. கலிபர் விருப்பத்தேர்வுகளில் சொந்த நிரல் சேர்க்கும் வசதி உண்டு. ‘வாசித்து முடித்தது’ என்று ஒரு நிரல் உருவாக்கி, வகையைத் திகதி என்று தெரிவு செய்யுங்கள். ஒரு புத்தகம் முடிந்த அன்று மட்டும் அதைத் திறந்து திகதியைப் போடுங்கள். அட்டைப்படமும் அப்போது போடலாம், அது அந்தப் புத்தகத்துக்குக் கிடைக்கும் மரியாதையாக இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பியும் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் பெயர், முடித்த நாள், மனதில் நின்ற ஒரு இடம், அதன் பக்க எண். நான் 1994இல் தொடங்கிய கொப்பியில் இப்போது ஒன்பதாவது ஓடுகிறது. மின்சாரம் போன இரவுகளிலும் அதைப் புரட்ட முடிந்தது. மற்ற நாலாயிரத்துச் சொச்சத்துக்கும் அந்த நிரல் வெறுமையாகவே இருக்கட்டும், அதை நிரப்ப உட்கார வேண்டாம்.